அந்த ஒரு ஷாட்டும் நூறு பொசெஷனும்: கூடைப்பந்துப் புள்ளிவிவரங்களை வாசிப்பது எப்படி?

2024 மே 25, சனிக்கிழமை காலை. அமெரிக்காவில் வெள்ளி இரவு நடக்கும் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஆட்டம் மலேசியாவில் நமக்குப் பசியாறும் நேரத்தில் வந்துவிடும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் நாங்கள் ஐந்து பேர், ஒரு கைப்பேசியைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்து, ரொட்டி சானாயைப் பிய்த்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். மேற்கு மண்டல இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டம். மினசோட்டா 108, டல்லஸ் 106. சில வினாடிகள்தான் பாக்கி. டல்லஸின் லூகா டான்சிச் கையில் பந்து. எதிரில் நிற்பவர் மினசோட்டாவின் உயரமான நடு ஆட்டக்காரர் ரூடி கோபேர். டான்சிச் உள்ளே போவதுபோல் போக்குக் காட்டி, சட்டென்று பின்வாங்கி, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து எறிந்தார். விழுந்தது. 109-108. ஆட்டம் முடிந்தது.

எங்கள் மேசையில் ஆட்டம் அப்போதுதான் தொடங்கியது. "இவனுக்கா நாலு தடவை சிறந்த தற்காப்பு வீரர் விருது கொடுத்தாங்க?" என்றார் மூத்த அண்ணன். கல்லூரியில் படிக்கும் தம்பி உடனே, "அண்ணே, இவர் அணியோட டிஃபென்சிவ் ரேட்டிங்கைப் பாருங்க, இந்த சீசன் முழுக்க முதலிடம்" என்றான். "எண்ணை வச்சுக்கிட்டு என்னடா பண்றது? கண்ணு முன்னாடியே எறிஞ்சான்ல!"

இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். டிஃபென்சிவ் ரேட்டிங் என்றால் என்ன என்று அந்த அரை மணி நேரத்தில் யாரும் கேட்கவில்லை. இது எங்கள் மேசையில் மட்டும் நடப்பதில்லை. கைப்பேசி வழியாகக் கூடைப்பந்துக்குள் வந்தவர்கள் பலருக்கும் பிளஸ்-மைனஸ், பிபிஎம், ஆர்ஏபிஎம் போன்ற சொற்கள் முதலில் வந்துவிடுகின்றன, பொருள் பிறகு வருகிறது. சிலருக்கு வருவதே இல்லை. அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

பாக்ஸ் ஸ்கோரில் எதை எண்ணுகிறார்கள்?

ஆட்டம் முடிந்ததும் வரும் அட்டவணைக்குப் பாக்ஸ் ஸ்கோர் என்று பெயர். யார் எத்தனை புள்ளி எடுத்தார், கூடையில் விழாமல் திரும்பிய பந்தை எத்தனை முறை பிடித்தார் (ரீபவுண்ட்), கூடை போடும் ஆளுக்கு எத்தனை முறை பந்து கொடுத்தார் (அசிஸ்ட்), எதிரியிடமிருந்து எத்தனை முறை பறித்தார் (ஸ்டீல்), எறிந்த பந்தை எத்தனை முறை தடுத்தார் (பிளாக்), எத்தனை முறை பந்தைத் தொலைத்தார் (டர்ன்ஓவர்) என்பதெல்லாம் அதில் இருக்கும்.

இவை எல்லாம் பந்தைத் தொட்டவர்களின் கணக்கு. பந்தைத் தொடாமல் செய்யும் வேலைக்கு அதில் இடமில்லை.

இந்தச் சிக்கல் பழையது. 1961-62 பருவத்தில் வில்ட் சேம்பர்லின் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளி எடுத்தார். அதற்கு முன்னும் பின்னும் அப்படி யாரும் எடுத்ததில்லை. அதே பருவத்தில் பாஸ்டனின் பில் ரஸ்ஸல் எடுத்தது சராசரி 18.9. சிறந்த ஆட்டக்காரர் விருதான எம்விபியை யாருக்குக் கொடுத்தார்கள்? ரஸ்ஸலுக்கு. அந்தக் காலத்தில் அதற்கு வாக்களித்தவர்கள் என்பிஏ ஆட்டக்காரர்களே. ரஸ்ஸல் வளையத்துக்கு அருகே நிற்கும்போது அங்கே போய் எறிவது எப்படிப்பட்ட வேலை என்று அவர்கள் உடம்பால் அறிந்திருந்தார்கள். அட்டவணையில் அதற்குச் சான்று கிடையாது. என்பிஏ பிளாக், ஸ்டீல் இரண்டையும் எண்ணத் தொடங்கியதே 1973-74 பருவத்தில்தான். ரஸ்ஸல் 1969-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். 11 முறை வெற்றிக் கோப்பை தூக்கியவரின் முதன்மையான திறமைக்கு அதிகாரபூர்வமான ஒரு எண் கூட இல்லை.

சுருக்கமாக: பாக்ஸ் ஸ்கோர் பொய் சொல்வதில்லை. ஆனால் அது பார்த்ததை மட்டும்தான் சொல்லும், அதற்குக் கண் பந்தின் மேல்தான்.

ஒரு நாள் வருமானமா, ஒரு மணி நேர வருமானமா?

கிராப் ஓட்டும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் இன்று 300 ரிங்கிட் சம்பாதித்தார், மற்றவர் 200. முதலாமவர்தான் கெட்டிக்காரர் என்று சொல்லிவிடலாமா? அவர் பதினைந்து மணி நேரம் ஓட்டியிருக்கலாம். இரண்டாமவர் எட்டு மணி நேரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மகளின் பள்ளி நிகழ்ச்சிக்குப் போயிருக்கலாம். மணிக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் இரண்டாமவர்தான் மேல்.

கூடைப்பந்தில் அந்த மணிக் கணக்குக்குப் பதிலாக வருவது பொசெஷன். ஒரு அணியின் கைக்குப் பந்து வந்ததிலிருந்து அது எதிரணிக்குப் போகும்வரை ஒரு பொசெஷன். நடுவில் எறிந்து, தவறவிட்டு, தானே பிடித்து மறுபடி எறிந்தாலும் அது ஒரே பொசெஷன்தான். வேகமாக ஆடும் அணிக்கு ஒரே ஆட்டத்தில் நிறைய பொசெஷன் கிடைக்கும், நிதானமாக ஆடும் அணிக்குக் குறைவு. சேம்பர்லினின் 50.4-க்கு ஒரு பகுதிக் காரணம் இதுவே. அந்தக் காலத்து ஆட்டம் இன்றைவிட மிக வேகம், அவர் களத்தை விட்டு இறங்கவும் மாட்டார்.

அதனால்தான் இப்போது எல்லாவற்றையும் 100 பொசெஷனுக்கு என்று கணக்கிடுகிறார்கள். ஒரு அணி 100 பொசெஷனில் எடுக்கும் புள்ளிகள் அஃபென்சிவ் ரேட்டிங். 100 பொசெஷனில் எதிரிக்கு விட்டுக்கொடுக்கும் புள்ளிகள் டிஃபென்சிவ் ரேட்டிங். எங்கள் தம்பி சொன்ன சொல் இதுதான். 2023-24 பருவத்தில் லீக் சராசரி 114, 115 அளவில் இருந்தபோது மினசோட்டா விட்டுக்கொடுத்தது ஏறக்குறைய 108. பெரிய இடைவெளி அது. ஆனால் அது அணியின் எண். இதை மறக்க வேண்டாம், பிறகு வருவோம்.

தனி ஆளின் எறிதலுக்கும் இதே நியாயம். ஒருவர் 28 முறை எறிந்து, நான்கு ஃப்ரீ த்ரோவும் (எதிரணி விதி மீறும்போது கிடைக்கும், யாரும் தடுக்காத எறிதல்) பெற்று 30 புள்ளி எடுக்கிறார். இன்னொருவர் 14 முறை எறிந்து, ஆறு ஃப்ரீ த்ரோவுடன் 24 எடுக்கிறார். தலைப்புச் செய்தி முப்பதுக்குத்தான் போகும். ட்ரூ ஷூட்டிங் என்ற அளவு வேறு கதை சொல்லும். எறிந்த எண்ணிக்கையோடு, ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். அதை இரண்டால் பெருக்குங்கள். எடுத்த புள்ளியை அதனால் வகுங்கள். முதலாமவருக்கு 50 சதவீதம், இரண்டாமவருக்கு 72. இன்றைய என்பிஏ சராசரி சுமார் 58.

(அது என்ன 0.44 என்று கேட்பவர்களுக்கு: ஃப்ரீ த்ரோ பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும், அப்படியானால் ஒன்றுக்கு அரை பொசெஷன். ஆனால் கூடை விழுந்தபின் கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோ போன்றவை தனியாக ஒரு பொசெஷனைச் செலவழிப்பதில்லை. அதனால் சராசரி அரைக்குக் கொஞ்சம் கீழே இறங்குகிறது.)

இதை வைத்து 14 முறை எறிந்தவர்தான் மேல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவர் எறிந்தது எல்லாம் காவல் இல்லாத சுலபமான இடங்களிலிருந்து இருக்கலாம். 28 முறை எறிந்தவர், நேரம் முடியப்போகும்போது மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளிய பந்தையும் எறிந்திருக்கலாம். விளைச்சலைப் பார்க்கும்போது சுமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கல்லாவில் விழுந்த காசு யாருடையது?

வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் மதிய வேலைக்கு ஐந்து பேர். சமைப்பவர், பரிமாறுபவர், தண்ணி கலக்கும் அண்ணன், மேசை துடைக்கும் பையன், கல்லாவில் ஓர் அக்கா. முதலாளிக்கு ஒரு கேள்வி: இவர்களில் யாரால் கடைக்கு வருமானம்? பரிமாறுபவர் எத்தனை இலை போட்டார் என்று எண்ணலாம். ஆனால் மேசை சுத்தமாக இல்லையென்றால் ஆள் உட்காரமாட்டார்கள், தே தாரிக் தாமதமானால் மறுமுறை வரமாட்டார்கள். அவற்றை எப்படி எண்ணுவது?

முதலாளி ஒரு வேலை செய்கிறார். ஆளாளுக்கு என்ன செய்தார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, யார் வேலைக்கு வந்த நாளில் கல்லாவில் எவ்வளவு சேர்ந்தது என்று மட்டும் எழுதி வைக்கிறார்.

இதுதான் பிளஸ்-மைனஸ். ஒரு ஆட்டக்காரர் களத்தில் இருந்த நேரத்தில் அவருடைய அணி எதிரணியைவிட எத்தனை புள்ளி கூடுதலாக எடுத்தது என்பதே அந்த எண். அவர் இருந்தபோது 60-52 என்றால் அவருக்கு +8. அவர் ஒரு புள்ளி கூட எடுக்காமல் இருந்தாலும் +8 தான். பந்தைத் தொடாத வேலையும் இதற்குள் வந்துவிடுகிறது என்பதுதான் இதன் அழகு.

அழகோடு ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் வேலைக்குச் சேர்ந்த பையனை நினைத்துப் பாருங்கள். அவன் வந்த முதல் இரண்டு நாளும் கடையில் நிற்க இடமில்லை. நோட்டுப்புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே உள்ள எண்தான் கடையிலேயே பெரியது. அதைப் பார்த்து அவனுக்குச் சம்பள உயர்வு கொடுப்பீர்களா?

பிளஸ்-மைனஸில் இப்படிப்பட்ட தைப்பூசங்கள் நிறைய. கூட ஆடுபவர்கள் நல்லவர்களாக இருந்தால் எண் ஏறும். எதிரணியின் இரண்டாம் நிலை ஆட்டக்காரர்களோடு மட்டும் மோதினால் ஏறும். ஆகவே ஒரே ஒரு ஆட்டத்தின் பிளஸ்-மைனஸைக் காட்டி யாராவது வாதாடினால், அதை அவ்வளவாகப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

சுருக்கமாக: பிளஸ்-மைனஸ் எல்லா வேலையையும் பிடிக்கும், ஆனால் வேலை யாருடையது என்று பிரிக்கத் தெரியாது.

பிரிப்பது எப்படி?

மறுபடி கடைக்கு வருவோம். தண்ணி கலக்கும் அண்ணனும் பரிமாறுபவரும் சேர்ந்து வந்த நாட்களில் கல்லா சராசரியைவிட 400 ரிங்கிட் அதிகம். பரிமாறுபவர் விடுப்பில் இருந்து, அண்ணன் மட்டும் வந்த நாட்களில் 300 அதிகம். அண்ணன் இல்லாமல் பரிமாறுபவர் மட்டும் வந்த நாட்களில் 100 அதிகம். அப்படியானால் அண்ணனுக்கு 300, பரிமாறுபவருக்கு 100 என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? ஆட்களை மாற்றி மாற்றிப் போட்ட நாட்கள் இருந்ததால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

என்பிஏவில் ஒரு பருவத்துக்கு 30 அணிகள், 1,230 ஆட்டங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை ஒரு வரியாக எழுதுங்கள்: களத்தில் இருந்த பத்துப் பேர் யார், அந்த நேரத்தில் புள்ளி வித்தியாசம் என்ன. ஆயிரக்கணக்கில் வரிகள் சேரும். எல்லா வரிகளுக்கும் முடிந்தவரை பொருந்தும்படி ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு எண் கண்டுபிடிக்கக் கணினியிடம் விடுகிறார்கள். கூட ஆடியவர்களின் பங்கையும் எதிர்த்து ஆடியவர்களின் பங்கையும் கழித்த பிறகு மிஞ்சும் எண் அது. சீரமைத்த பிளஸ்-மைனஸ் என்று சொல்லலாம்.

இங்கே ஒரு முடிச்சு. எப்போதும் ஒன்றாகவே களமிறங்கும் இருவரை எப்படிப் பிரிப்பது? இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள திடலில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகள் ஆடுவார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், சீனப்பள்ளியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள், பக்கத்து அடுக்குமாடி மலாய்க்காரப் பையன்கள் எல்லாம் கலந்திருப்பார்கள். என் அக்கா மகள் கணக்கில் கெட்டி. ஒரு பள்ளி நோட்டில் கோடு போட்டு ஆறு வாரம் பிளஸ்-மைனஸ் எழுதினாள். பச்சைப் பேனாவில் கூட்டல், சிவப்பில் கழித்தல். ஆறாவது வாரம் நோட்டைக் கொண்டுவந்து, "மாமா, ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி வருது, பாருங்க" என்றாள். ஒருவன் எங்கள் திடலிலேயே உயரமானவன். இன்னொருவன் அவனுடைய சித்தி மகன், குள்ளம், ஒரு நிமிடம் சும்மா நிற்கமாட்டான். இருவருக்கும் +41. அவர்கள் ஒரே மோட்டார் சைக்கிளில் வருவார்கள், ஒன்றாக இறங்குவார்கள், ஒன்றாகத் தண்ணீர் குடிக்கப் போவார்கள். ஆறு வாரத்தில் ஒருவன் இல்லாமல் மற்றவன் ஆடியதே இல்லை. அந்த 41 யாருடையது என்று அந்த நோட்டை எத்தனை தடவை புரட்டினாலும் தெரியாது.

என்பிஏவிலும் இதே கதை உண்டு. 2015-16 பருவத்தில் கோல்டன் ஸ்டேட் 73 ஆட்டம் வென்றது, தோற்றது 9 மட்டும். ஸ்டெஃப் கரி சராசரி 30.1 புள்ளி எடுத்து, வாக்குகள் அனைத்தையும் பெற்று எம்விபி ஆனார். அவரோடு ஆடிய டிரேமண்ட் கிரீன் எடுத்தது சராசரி 14. ஆனால் பருவம் முழுவதற்குமான பிளஸ்-மைனஸில் இருவருமே ஆயிரத்தைத் தாண்டினார்கள். கிரீன் கரியின் நிழலில் ஏறினாரா, கிரீனின் தற்காப்பால்தான் கரி அப்படி ஆட முடிந்ததா என்று இன்றும் பேசுகிறார்கள். அவர்கள் தனித்தனியாக ஆடிய கொஞ்ச நேரத்தை வைத்துத்தான் கணினியும் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் என்றால் சொல்லும் பதிலும் ஆட்டம் காணும்.

இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். சான்று குறைவாக இருந்தால், எண்ணைப் பூஜ்ஜியத்தை நோக்கி இழுத்து வைப்பது. பூஜ்ஜியம் என்றால் சராசரி ஆட்டக்காரர். தைப்பூசப் பையனைப் பற்றி முதலாளி எடுக்கும் முடிவும் இதுதானே? "கெட்டிக்காரனாகவும் இருக்கலாம். இப்போதைக்குச் சராசரி என்றே வைத்துக்கொள்வோம், ஆறு மாதம் பார்ப்போம்." இந்த நிதானத்தைக் கணக்குக்குள் கொண்டுவந்த முறைக்குத்தான் ஆர்ஏபிஎம் என்று பெயர். பெயர் பயமுறுத்தினாலும் உள்ளே இருப்பது ஒரு நல்ல முதலாளியின் பொறுமை. ஒரு பருவத்தின் ஆர்ஏபிஎம்மைவிட மூன்று, ஐந்து பருவங்களைச் சேர்த்துக் கணக்கிட்டதை அதிகம் நம்பலாம்.

ஜாகா பிடித்த திருடர்கள்

தற்காப்புக்கு வருவோம். இங்கேதான் குழப்பம் அதிகம், எனக்கு ஆர்வமும் அதிகம்.

இரண்டு தாமான்கள், அதாவது குடியிருப்புப் பகுதிகள். ஒரு தாமானின் ஜாகா (காவலாளி) இந்த ஆண்டு ஐந்து திருடர்களைப் பிடித்தார். இன்னொரு தாமானின் ஜாகா ஒருவரைக் கூடப் பிடிக்கவில்லை. யார் நல்ல ஜாகா? இரண்டாவது தாமானில் திருட்டே நடக்கவில்லை என்று தெரிந்தால் என்ன சொல்வீர்கள்? அவர் வாசலில் நிற்கும் விதத்தைப் பார்த்தே திருடர்கள் பக்கத்து ஊருக்குப் போயிருக்கலாம். அல்லது அந்தத் தாமானுக்கு யாருமே திருட வராமல் இருந்திருக்கலாம், ஜாகா தூங்கிக்கூட இருக்கலாம். பிடித்த கணக்கை வைத்து இந்த மூன்றையும் பிரிக்க முடியாது.

பிளாக் என்பது பிடிபட்ட திருடன். வளையத்தை நோக்கி வந்தவன் கோபேரைப் பார்த்ததும் மனம் மாறி, பந்தை வெளியே திருப்பிக் கொடுத்து, கடைசியில் வேறொருவன் தூரத்திலிருந்து மோசமான ஒரு ஷாட் எறிகிறான். இது திருட வராமல் போன திருடன். எந்த அட்டவணையிலும் பதிவாகாது. தொலைக்காட்சியிலும் சரியாகத் தெரியாது, ஏனென்றால் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். ஜாலான் ஹாங் ஜெபாட்டில் உள்ள மாபா அரங்கத்தில் நேரில் போய் உட்கார்ந்து ஆட்டம் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கால் பகுதி முழுக்கப் பந்தைப் பார்க்காமல் தற்காக்கும் அணியின் நடு ஆட்டக்காரரை மட்டும் பாருங்கள். கையை நீட்டி வழி காட்டுவார், கத்துவார், இரண்டு அடி முன்னால் வந்து மறுபடி பின்னால் போவார். அந்த இரண்டு அடியில்தான் பாதி தற்காப்பு.

சில அணிகள் இதை முன்பே புரிந்துகொண்டன. 2000-களின் இறுதியில் ஹியூஸ்டனில் ஷேன் பேட்டியர் என்றொருவர் ஆடினார். ஒரு ஆட்டத்துக்குப் பத்துப் புள்ளி கூட எடுக்கமாட்டார். ஆனால் எதிரணி நட்சத்திரம் கோபி பிரையன்ட்டைக் காக்கும் வேலை அவருக்குத்தான். பிரையன்ட் களத்தின் எந்த இடத்திலிருந்து எறிந்தால் எவ்வளவு விழும் என்ற கணக்கை ஹியூஸ்டன் அவர் கையில் கொடுத்தது. பேட்டியர் பந்தைத் தட்டிவிட முயலவில்லை. பிரையன்ட்டுக்கு விளைச்சல் குறைவான இடத்தை நோக்கி அவரைத் தள்ளிக்கொண்டே போவார், எறியும்போது கண்ணுக்கு முன்னால் கையை வைப்பார். பிரையன்ட் 30 எடுத்துவிட்டுப் போகும் நாளிலும், அதற்காக 30 முறை எறிய வைத்தது பேட்டியரின் வேலை. பாக்ஸ் ஸ்கோரில் அவர் பெயருக்கு நேரே எதுவும் இருக்காது.

சரி, களத்தில் இருக்கும்போது விட்டுக்கொடுத்த புள்ளிகளை எண்ணிவிடலாமே? தனி ஆளுக்கும் டிஃபென்சிவ் ரேட்டிங் போடுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் அது ஐந்து பேர் சேர்ந்து விட்டுக்கொடுத்ததை ஒருவர் பெயரில் எழுதிய எண். கல்லாவில் விழுந்த காசு யாருடையது என்ற பழைய கேள்வி இங்கும் அப்படியே நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு, அதிர்ஷ்டம். எதிரணி ஆள் ஃப்ரீ த்ரோ எறியும்போது நீங்கள் சும்மா நிற்க வேண்டும், தொடக் கூடாது, தடுக்கக் கூடாது. அவர் இரண்டையும் தவறவிட்டால் உங்கள் பிளஸ்-மைனஸ் குறையாமல் தப்புகிறது. நீங்கள் செய்தது என்ன? ஒன்றுமில்லை. மூன்று புள்ளி எறிதலிலும் ஓரளவு இதுதான் நிலை. எதிரணி எத்தனை முறை மூன்று புள்ளி எறியலாம் என்பதைத் தற்காப்பு ஓரளவு கட்டுப்படுத்தும். எறிந்தது விழுமா விழாதா என்பதில் அதன் பிடி அதைவிடக் குறைவு. பத்து ஆட்டத்துக்கு எதிரணிகளுக்குக் கை வராமல் போனால் சாதாரணத் தற்காப்பும் கோட்டை மாதிரி தெரியும்.

2013-14 பருவத்திலிருந்து எல்லா என்பிஏ அரங்கங்களிலும் கூரையில் கேமராக்கள் வந்துவிட்டன. பத்துப் பேரும் பந்தும் எந்த நொடியில் எங்கே இருந்தார்கள் என்று அவை பதிவு செய்யும். அதிலிருந்து, ஒவ்வொரு எறிதலுக்கும் மிக அருகில் இருந்த தற்காப்பாளர் யார், அவர் எதிரில் எத்தனை விழுந்தது என்று ஒரு எண் எடுக்கிறார்கள். இது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அருகில் இருந்தவர்தான் பொறுப்பா?

2021 ஜூன் 18. அப்போது கோபேர் யூட்டா அணியில். எதிரில் கிளிப்பர்ஸ், அவர்களின் சிறந்த ஆட்டக்காரர் கவாய் லெனர்ட் காயத்தால் ஆடவில்லை. யூட்டா ஒரு கட்டத்தில் 25 புள்ளி முன்னிலை. கிளிப்பர்ஸ் உயரமான ஆளை உட்காரவைத்துவிட்டு, தூரத்திலிருந்து எறியத் தெரிந்த ஐந்து பேரைக் களமிறக்கியது. கோபேர் காக்க வேண்டியவர் டெரன்ஸ் மான், மூலையில் நிற்பார். யூட்டாவின் வெளிவட்டத் தற்காப்பாளர்களைத் தாண்டி ஒருவன் உள்ளே ஓடி வருகிறான். கோபேர் அவனைத் தடுக்க வளையத்துக்குப் போகிறார். பந்து மூலைக்குப் போகிறது. கோபேர் திரும்பி ஓடி வருவதற்குள் மான் எறிந்துவிடுகிறார். இப்படியே மான் 39 புள்ளி எடுத்தார், கிளிப்பர்ஸ் 131-119 என்று வென்று தொடரையும் முடித்தது.

கேமராக் கணக்கில் அந்த எறிதல்களில் பல கோபேரின் பெயரில் விழும், அருகில் ஓடிவந்தவர் அவர்தான். ஆனால் வாசலைத் திறந்து விட்டவர்கள் வெளியே நின்றவர்கள். ஒரே ஜாகா வாசலையும் கொல்லையையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. அதே சமயம், எதிரணி ஐந்து பேரையும் வெளியே நிறுத்தினால் கோபேரின் மிகப் பெரிய பலம் பாதியாகக் குறைகிறது என்பதும் அந்த ஆட்டத்தில் உண்மைதான்.

சுருக்கமாக: தற்காப்பில் பெரும்பகுதி நடக்காமல் போனவற்றில் இருக்கிறது. நடந்ததை மட்டும் எண்ணும் எந்த எண்ணும் அதை முழுதாகப் பிடிக்காது.

கலவை எண்கள்

பிபிஎம் போன்ற எண்கள் ஒரு குறுக்கு வழி. ஆர்ஏபிஎம்முக்குப் பல பருவங்கள் வேண்டும், அவ்வளவு பொறுமை எல்லோருக்கும் இல்லை. அதனால் பாக்ஸ் ஸ்கோரை வைத்தே, இப்படி ஆடுபவருக்கு வழக்கமாக எவ்வளவு பிளஸ்-மைனஸ் வரும் என்று மதிப்பிடுகிறார்கள். தாக்குதலில் இது நன்றாகவே வேலை செய்யும். தற்காப்பில் ஸ்டீல், பிளாக், ரீபவுண்ட் தவிர அதன் கையில் சரக்கு அதிகம் இல்லை.

டென்வர் ஆட்டக்காரர் நிகோலா யோகிச் பற்றிய சண்டை இங்கிருந்துதான் வருகிறது. 2014-இல் அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில் 41-ஆவது ஆளாகத் தேர்வான அவர் 2021, 2022, 2024 என மூன்று முறை எம்விபி வாங்கிவிட்டார், 2023-இல் டென்வருக்குக் கோப்பையும் வாங்கித் தந்தார். பிபிஎம் பட்டியலில் பல பருவம் முதலிடம். அவருடைய தாக்குதலைப் பற்றி எந்த எண்ணைக் கேட்டாலும் ஒரே பதில்தான். தற்காப்பைக் கேட்டால் எண்கள் தங்களுக்குள்ளேயே சண்டை போடும். ரீபவுண்டும் ஸ்டீலும் நிறைய எடுப்பதால் பிபிஎம் அவரைத் தற்காப்பிலும் தூக்கி வைக்கிறது, வளையத்துக்கு மேலே எம்பித் தடுப்பதில் அவர் பலவீனமானவர் என்பது அதற்கு முழுதாகத் தெரியாது. எல்லா அளவுகளும் ஒத்துப்போகும் இடத்தில் நம்பிக்கையோடு பேசலாம். பிரியும் இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது என் கருத்து.

மறுபடி அந்தக் காலை

எங்கள் மேசைச் சண்டைக்கு வருகிறேன். அண்ணன் கேட்டது: ஆட்டத்தின் கடைசி நொடியில், மூன்று புள்ளிக் கோட்டில், உலகின் மிகச் சிறந்த எறிதல்காரர்களில் ஒருவர் எதிரில் தனியாக மாட்டினால் கோபேர் என்ன செய்வார்? அதற்கு அந்த ஷாட் ஒரு பதில், ஒரே ஒரு பதில். தம்பி சொன்னது: 82 ஆட்டங்களில், நூறு நூறு பொசெஷனாகப் பார்த்தால், இவர் இருக்கும் அணி எதிரிகளுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது? அதற்கு டிஃபென்சிவ் ரேட்டிங் ஒரு பதில், அதிலும் ஐந்து பேர் கலந்த பதில். இரண்டு கேள்விகளும் நல்ல கேள்விகள். ஆனால் ஒருவர் கேட்ட கேள்விக்கு மற்றவரின் எண்ணோ ஷாட்டோ பதிலாகாது.

ஒரே ஆட்டத்தை வைத்து எதிர்த் திசையிலும் தவறு செய்யலாம். அந்த மாதமே, மே 6 அன்று, கோபேர் தன் முதல் குழந்தை பிறந்ததால் டென்வருக்கு எதிரான ஆட்டத்துக்கு வரவில்லை. அவர் இல்லாமலேயே மினசோட்டா டென்வரை 80 புள்ளியில் அடக்கி 106-80 என்று வென்றது. "பார்த்தீங்களா, அவர் தேவையே இல்லை" என்று அன்றைக்கும் சிலர் சொன்னார்கள். மறுநாள்தான் அவருக்கு நான்காவது முறையாகச் சிறந்த தற்காப்பு வீரர் விருதை அறிவித்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை நான் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "கோபேர் களத்துல இல்லாதப்ப மினசோட்டா நூறு பொசெஷனுக்கு எவ்வளவு விடுது?" கைப்பேசியைத் தேய்த்துத் தேடத் தொடங்கினான். அண்ணன் தே தாரிக்கைக் கீழே வைத்துவிட்டு அவன் தோள் வழியாக எட்டிப் பார்த்தார். "எத்தனை நிமிஷம் இல்லாம ஆடியிருக்காங்க, அதையும் பாருடா" என்றார்.

செந்தூல் திடலில் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம். சித்தி மகனும் உயரமானவனும் வாரத்தில் ஒரு ஆட்டமாவது எதிரெதிர் அணியில் ஆட வேண்டும். இருவருக்கும் பிடிக்கவில்லை. அக்கா மகள் நோட்டில் புதிதாக இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறாள். இதுவரை மூன்று ஆட்டம்தான் ஆகியிருக்கிறது, எண்ணைக் காட்டச் சொன்னால் காட்டமாட்டேன் என்கிறாள்.